உள்தாழ்ப்பாள்

ஜஹானாரா தனியாகக் குளித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

கீழ்பென்னாத்தூரில் பிறந்து, பதினேழு வயதில் திருவண்ணாமலைக்கு வாழ வந்தவள். கணவன் மக்பூலுக்குத் தேரடிக்குப் பின்னால் ஒரு தகரக் கடை. டிரங்குப் பெட்டி, வாளி, அரிசி டின் என்று அவன் கையால் தட்டிய சாமான்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இருந்தன. பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் இருந்த அவர்கள் வீடு அவன் தாத்தா கட்டியது. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. தெருவாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குக் கேட்காது. கொல்லையில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி நாட்டு ஓடு போட்ட குளியலறை. அதன் பக்கச் சுவரில் சார்ப்பு இறக்கி, துணி தோய்க்க ஒரு கல்லும் தண்ணீர்த் தொட்டியும் போட்டிருந்தார்கள்.

அவள் வந்தபோது அந்த வீட்டில் பதினோரு பேர். மாமனார், மாமியார், மூத்தார் அய்யூப், அவர் மனைவி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், மக்பூலின் அக்கா ஹபீபுன்னிசா, மக்பூல், இவள். யார் எந்த அறையில் படுப்பது என்பதே தினம் ஒரு மாதிரி இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி தனியாக உட்கார அந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் ஜும்மாவுக்குப் போன பிறகு குளியலறை ஜஹானாராவின் முறை. முதலில் சார்ப்பில் உட்கார்ந்து தன் துணிகளைத் தோய்த்துப் போடுவாள். அப்புறம் சீயக்காய்த் தூளைக் குழைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவாள். உள்ளே போனதும் உடனே குளிக்கமாட்டாள். அண்டாவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். சில வாரம் பாட்டு முனகுவாள். சில வாரம் காரணம் என்று ஒன்றும் இல்லாமல் அழுவாள். மாமியாரோ ஓரகத்தியோ கூப்பிட்டால், "குளிக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மகள் முன்னி பேகம் பிறந்த பிறகும் அந்த ஒரு மணி நேரத்தை அவள் விடவில்லை. குழந்தையை யாராவது வைத்துக்கொள்வார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துவிட்டு இறங்கும்போது ஏணி சறுக்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. தொட்டால் லேசாகத் தெரியும். சூடும் குளிரும் தெரியாது.

அதற்குச் சில வருஷம் முன்பே மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அய்யூப் குடும்பத்தோடு ஆரணிக்குக் குடிபோய்விட்டார். வீட்டில் மிஞ்சியது நாலு பேர். ஹபீபுன்னிசாவுக்கு இருபத்தாறு வயதில் புருஷன் இறந்துபோனான். பிள்ளை இல்லை. அப்போது வாணியம்பாடியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள், இருபது வருஷத்துக்கு மேலாக இங்கேயேதான் இருந்தாள். அக்காவை மக்பூல் ஆபா என்று கூப்பிடுவான்; வீட்டில் எல்லாருக்கும் அவள் ஆபாதான். ஜஹானாராவைக் குளிப்பாட்டும் வேலை அவளிடம் வந்தது. யாரும் கேட்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

பின்கட்டுத் தாழ்வாரத்தின் மூலையில் ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டி, மணைப் பலகையில் உட்காரவைத்து ஆபா தண்ணீர் ஊற்றுவாள். அவளுக்குக் கனத்த கை. பாத்திரம் துலக்குவது போல முதுகைத் தேய்ப்பாள். தேய்க்கும்போதெல்லாம் பேச்சு. மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை, பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது, முன்னியின் பள்ளிக்கூடத்துப் பாவாடை கட்டையாகிப் போனது. ஜஹானாரா கண்ணை மூடிக்கொள்வாள். சோப்பு எரிகிறது என்று ஆபா நினைத்துக்கொள்வாள்.

எண்பதாம் வருஷம் பங்குனியில் ஆபாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. மக்பூல் இரண்டு நாள் பார்த்தான். மூன்றாவது நாள் அடி அண்ணாமலையிலிருந்து இருசப்பன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். கூடவே சித்தாள் வேலைக்கு மேஸ்திரியின் பெண்டாட்டி கன்னியம்மாளும் வந்தாள்.

மக்பூல் கொல்லையில் நின்று கையை நீட்டிக் காட்டினான்.

"மேஸ்திரி, இந்த ரூமையும் அந்தத் துணி தோய்க்கிற எடத்தையும் ஒண்ணாக்கிடணும். நடு செவுத்த எடுத்துடுங்க. ரெண்டு பேரு தாராளமா பொழங்கணும். எங்க ஆபாவால குனிய முடியல. அதனால கட்டில் ஒசரத்துக்கு ஒரு மேடை. அதுல தூக்கி ஒக்கார வெச்சிட்டா ஆபா நின்னுக்கினே ஊத்தலாம்."

"மேடை கட்டிடலாம் பாய். இந்தப் படிய இன்னா பண்றது? ஒரு அடிக்கு மேல நிக்குது."

"படி இருக்கட்டும். தண்ணி வெளிய வரக்கூடாதில்ல."

"ஓடு?"

"ஓடு மாத்தணும். ஜலதாரையும் அடைச்சிக்கினு கெடக்குது. சிமெண்டுக்குப் பெர்மிட் எழுதிப் போட்டிருக்கேன். வந்துடும்."

தாழ்வாரத்துத் திரைக்குப் பின்னால் ஜஹானாரா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தூக்கி ஒக்கார வெச்சிட்டா என்பது அவள் காதில் விழுந்தது. உரித்த பூண்டையும் தோலையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள்.

மறுநாள் ஓடு பிரிக்கும் வேலை ஆரம்பித்தது. பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"பாயம்மா, ஒரு சொம்பு தண்ணி."

ஜஹானாரா இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கோணித் தலையணையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து பானைக்குப் போனாள். சொம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையால் தள்ளித் தள்ளித் திரும்பி வந்தாள். தண்ணீர் சிந்தவில்லை.

கன்னியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்களே வரீங்களே. படுத்த படுக்கைன்னு இல்ல எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு."

"கை நல்லாத்தான இருக்குது. தரையா இருந்தா எங்க வேணா போவேன். படி வந்தாத்தான் நின்னுடுவேன்."

"அப்போ அங்க எதுக்குப் படிய வெக்கச் சொல்றாங்க?"

"யாரும் என்னைக் கேக்கல."

கன்னியம்மாள் சொம்பை அண்ணாந்து குடித்து முடித்தாள். "நான் கேக்கறேன். உங்களுக்கு எப்டி வேணும்?"

நாலு வருஷமாக ஜஹானாராவிடம் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. வலிக்குதா, பசிக்குதா, போர்வை வேணுமா.

"நானே போவணும்" என்றாள். "நானே ஊத்திக்கணும். என் துணிய நானே தோய்ச்சிக்கணும். கதவ சாத்திக்கணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கன்னியம்மாள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். தாழ்வாரத்தை விட்டு இறங்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, கையை ஊன்றி, மண்ணில் நகர ஆரம்பித்தாள்.

கூரைமேல் நின்ற இருசப்பன் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். "இன்னாடி பண்றே?"

"குளிக்கப் போறேன்."

"பைத்தியம் கியித்தியம் புடிச்சிக்கிச்சா?"

குளியலறைப் படி வந்ததும் அவள் நின்றாள். கையை மேலே ஊன்றி எம்பிப் பார்த்தாள். முடியவில்லை. "எறங்கி வா. நீயும் ஒக்காந்து பாரு. அந்தம்மா இப்டித்தான் போவுது வருது. உன் மேடையும் படியும் யாருக்கு?"

இருசப்பன் இறங்கி வந்தான். யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டு அவனும் உட்கார்ந்து நகர்ந்தான். படியருகே போய் அதன் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தான்.

"படிய எடுத்தா தண்ணி ஊட்டுக்குள்ள வரும்டி."

"வராம பண்ணத்தான உன்ன மேஸ்திரின்னு கூப்புடறாங்க."

சாயங்காலம் மக்பூல் வந்ததும் இருசப்பன் விஷயத்தைச் சொன்னான். மக்பூலுக்குப் புரியவில்லை. "மேடை இருந்தாத்தான ஆபாவுக்கு சௌகரியம்" என்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து ஜஹானாரா பேசினாள். வேற்று ஆண் இருக்கும்போது அவள் குரல் கொடுப்பது வழக்கமில்லை.

"ஆபாவுக்குக் குனியற வேலையே இருக்காது. நானே குளிச்சிக்கறேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆபா சிரித்தாள். "நீயா?" என்றாள். ஜஹானாராவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மக்பூல் மேஸ்திரியிடம் திரும்பினான். "சரி மேஸ்திரி. அவ சொல்ற மாதிரியே பண்ணுங்க."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொல்லையில் நிழல் விழுந்த பிறகு ஜஹானாரா நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கொல்லைக்கு வந்தாள். தாழ்வாரத்து ஓரத்தில் கன்னியம்மாள் அவள் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். தரை இன்னும் சுட்டது. கிணற்றுச் சகடை துருப்பிடித்திருந்தது. முருங்கை ஒன்று புதிதாக வளர்ந்து சுவரைத் தாண்டிப் போயிருந்தது. அதை யார் நட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருசப்பன் கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அங்கிருந்தபடியே கேட்டான்.

"தொட்டி விளிம்பு எவ்ளோ ஒசரம் இருந்தா சொம்பு எட்டும்னு கேளு."

ஜஹானாரா கையை நீட்டினாள். கன்னியம்மாள் அடுப்புக் கரியால் சுவரில் ஒரு கோடு போட்டாள்.

"போட்டாச்சு."

"சோப்பு வெக்கிற மாடம்?"

இன்னொரு கோடு.

"துணி போடற கழி?"

இன்னொன்று. எல்லாக் கோடுகளும் நிற்கும் ஒரு ஆளின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தன. கடைசியாக ஜஹானாராவே கரியை வாங்கி, கதவு நிலையில் ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் கன்னியம்மாள்.

"தாப்பாளுக்கு."

இருபது நாளில் முடியும் என்ற வேலை நாற்பது நாள் இழுத்தது. பெர்மிட் சிமெண்டு பாதிதான் வந்தது. மீதிக்குப் பத்து நாள் காத்திருந்தார்கள். சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்தில் மணல் வண்டி ஊருக்குள் நுழைய முடியாமல் ஒரு நாள் போயிற்று. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. முனிசிபாலிட்டிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது. கன்னியம்மாள் கலவைக்குத் தண்ணீரைக் கிண்ணத்தால் அளந்து ஊற்றுவது போல ஊற்றினாள்.

ஜஹானாரா தினமும் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். மத்தியானம் கன்னியம்மாள் தூக்குவாளியைத் திறந்தால் கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும் இருக்கும். ஜஹானாரா குஷ்காவும் தாளிச்சாவும் எடுத்துத் தருவாள். பதிலுக்கு ஒரு கிண்ணம் கூழ் வாங்கிக்கொள்வாள். ஆபாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒருநாள் மோர் மிளகாய் வறுத்துக்கொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

இருசப்பன் வேலையில் கெட்டிக்காரன். படியை உடைத்து எடுத்தான். தாழ்வாரத்திலிருந்து கொல்லைக்கு இறங்கும் இடத்திலும் ஒரு சரிவு போட்டான். தரையை வாசலிலிருந்து மூலை ஜலதாரைக்குக் கண்ணுக்குத் தெரியாத சரிவாக இறக்கினான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி அது போகிற வழியைக் குந்தி உட்கார்ந்து பார்த்தான். வழுக்காமல் இருக்க ஈரச் சிமெண்டில் துடைப்பக் குச்சியால் கோடு கோடாக இழுத்தான். தோய்க்கும் கல்லைத்தான் அசைக்க முடியவில்லை. தாத்தா காலத்தில் நாலு பேர் தூக்கிவந்து புதைத்த கருங்கல். அடியில் தோண்டி, கடப்பாரை போட்டு நெம்பி, ஒரு முழம் கீழே இறக்கி உட்கார வைத்தான். உட்கார்ந்தபடி துணியை ஓங்கி அடிக்க அந்த உயரம் சரியாக இருந்தது.

ஒருநாள் கன்னியம்மாள் கேட்டாள். "முடிஞ்சதும் இன்னா பண்ணுவீங்க பாயம்மா?"

"உள்ள போயி ஒக்காருவேன்."

"ஒக்காந்து?"

"ஒக்காந்துக்கினே இருப்பேன்."

கன்னியம்மாள் சிரித்தாள். "எங்க ஊட்ல குளிக்கிறதுக்கு ரூமே இல்ல. ஏரிக்கரைதான். ஊரே அங்கதான் இருக்கும். எனக்கும் சில நாளு அப்டித்தான் இருக்குது, எங்கனா போயி ஒக்காரணும்னு. எங்க போறது, சொல்லுங்க."

கடைசியில் கதவு வந்தது. தச்சன் மூர்த்தி ஒரு மத்தியானம் வந்து மாட்டிவிட்டுப் போனான். நிலைக்கும் கதவுக்கும் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய இரண்டு நாள் விட்டார்கள். இருசப்பனும் கன்னியம்மாளும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விடைபெற்றுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை. மக்பூல் ஜும்மாவுக்குப் போனான். முன்னி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆபா வெந்நீர் போட்டுத் தொட்டித் தண்ணீரோடு விளாவி வைத்தாள். ஜஹானாரா மடியில் துண்டையும் மாற்றுத் துணியையும் வைத்துக்கொண்டு நகர்ந்து போனாள். வாசலில் அவளை எதுவும் தடுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினாள். கையை நீட்டினாள்.

நிலையில் அவள் போட்ட கோடு பெயிண்டுக்கு அடியில் போயிருந்தது. தாழ்ப்பாள் இல்லை. கதவின் மேலே பார்த்தாள். அங்கேயும் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் ஒரு கொண்டி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஜஹானாரா உலர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றாள் ஆபா.

"தாப்பாள் எங்க?"

ஆபா அடுப்புப் பக்கம் திரும்பினாள். "நான்தான் வேணாம்னேன். மக்பூல் கிட்ட சொன்னேன், மூர்த்தி கிட்ட சொல்லிட்டான்."

ஜஹானாரா தன் அறைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் மக்பூல் வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். "போன மழைக்காலத்துல என்ன ஆச்சு, மறந்துட்டியா? காலு மேல கொதிக்கிற தண்ணி பட்டது உனக்கே தெரியல. கொப்புளம் பாத்துட்டு ஆபாதான் கத்தினாங்க. ரெண்டு மாசம் ஆறல. உள்ள நீ விழுந்துட்டா, தாப்பாளும் போட்டிருந்தா, நாங்க இன்னா பண்றது?"

"தரையில ஒக்காந்திருக்கறவ எங்கேர்ந்து விழுவேன்?"

"மயக்கம் வந்தா?" என்றவன் அவனே தொடர்ந்தான்.

"கதவு சாத்தித்தான இருக்கும். யாரும் உள்ள வரமாட்டாங்க. தாப்பாள் எதுக்கு?"

ஜஹானாரா அவனைப் பார்த்தாள். "வேணாம், விடுங்க" என்றாள்.

நாலு நாள் அவள் குளிக்கவில்லை. தாழ்வாரத்து மணையிலும் உட்காரவில்லை. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டாள். சித்திரை வெயில் முடிந்து வைகாசி வெயில். பகலெல்லாம் சூடு ஏறிய மலைப்பாறை சாயங்காலத்தில் ஊர்மேல் அனலாக வீசும். புதுக் குளியலறையில் நிரப்பி வைத்த தொட்டியை ஆபா தினமும் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் தூசி படிந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஆபா அவள் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். இடுப்பு வலியால் உட்காரவே நேரம் பிடித்தது.

"இன்னிக்காவது வா. தலை நாறுது."

"வேணாம் ஆபா."

"எம்மேல கோவம். அதான?"

"கோவம் இல்ல."

"பின்ன இன்னா? நாலு வருஷம் இந்தக் கையாலதான் ஊத்தினேன். ஒரு நாளு மூஞ்சி சுளிச்சிருப்பனா? என் கை உனக்கு அவ்ளோ பாரமா இருந்துச்சுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"பாரம்னு நான் சொன்னனா?"

"சொல்லணுமா? என்ன வெளிய நிறுத்தத்தான தாப்பாள் கேக்கற."

ஜஹானாரா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். ஊன்றி ஊன்றி அவை காய்த்துப் போயிருந்தன.

"ஆபா, ஏணியிலேர்ந்து விழுந்தப்போ வலியில கத்தினேன். அப்புறம் வேலூர்ல டாக்டரு, இனிமே நடக்கமாட்டேன்னு சொன்னாரு. நீங்களும் உங்க தம்பியும் பக்கத்துல இருந்தீங்க. நீங்க ரெண்டு பேரும் அழுதீங்க. நான் அழுவல. நானும் அழுதா உங்கள யாரு தேத்தறதுன்னு இருந்துட்டேன். ஊட்டுக்கு வந்தப்புறம் முன்னி பக்கத்துல இருக்கும். குளிக்கும்போது நீங்க இருப்பீங்க. ராத்திரி அவரு இருப்பாரு. நாலு வருஷமா நான் ஒரு வாட்டி கூட அழுவல ஆபா. எங்க போயி அழுவறது?"

"என் எதுர அழுதா இன்னா? நான் யாரு உனக்கு?"

"நீங்க இருந்தா நிறுத்தணும். 'அழுவாத ஜஹானா'ன்னு சொல்லுவீங்க. உடனே கண்ண தொடைச்சிக்கணும். யாரும் 'போதும்'னு சொல்லாம, தானா நிக்கிற வரைக்கும் அழுவணும். இல்ல, அழுவாம சும்மாவாவது இருக்கணும். கதவு சாத்தியிருந்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது. எப்ப தெறக்குமோன்னு பாத்துக்கினே இருக்கணும்."

ஆபா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பதினோரு மணிக்கு அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு தேரடிக்குப் பின்னாலிருந்த கடைக்குப் போனாள். அந்தக் கடைக்கு அவள் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மக்பூல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"இன்னா ஆபா? வீட்ல ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல. ஒரு தாப்பாள் வேணும். அந்தக் கதவுக்கு."

"நீங்கதான வேணாம்னீங்க."

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்கறேன்."

"உள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா கதவ ஒடைக்க நீ இருக்கே. நாளெல்லாம் தகரத்த வெட்டறவனால ஒரு பலகைய ஒடைக்க முடியாதா? சுடுதண்ணிய நான் வெளாவி வெச்சிட்டு வெளிய வந்துடறேன். வெந்நீர் அடுப்பு தாழ்வாரத்துலயே இருக்கட்டும்." ஆபா கடைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ எழுந்திருச்சி வர வரைக்கும் நானும் போவமாட்டேன்."

மக்பூல் அதை வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போகவில்லை. கடையில் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து, அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, இழுக்கவும் தள்ளவும் லேசாக இருக்கும்படி அவனே ஒரு தாழ்ப்பாளைச் செய்தான். ஆபா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். எங்கே பொருத்துவது என்று அவன் ஜஹானாராவிடம் கேட்கவில்லை. நிலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கை எட்டும் இடம் பார்த்து, திருகாணியை முடுக்கினான். ஜஹானாரா தாழ்வாரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை தாழ்ப்பாள் விழும் சத்தம் ஆபாவுக்குக் கேட்டது. அவள் தாழ்வாரத்தில் அரிசி பொறுக்க உட்கார்ந்தாள். உள்ளே சத்தம் இல்லை. ஒரு படி அரிசியும் பொறுக்கி முடித்தாள். அப்போதும் சத்தம் இல்லை. ஜஹானா என்று கூப்பிட வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். இந்த நேரத்துக்கு வழக்கமாகத் தன் கை ஈரமாக இருக்கும் என்று தோன்றியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஒரு சொம்பு, நிறுத்தம், ஒரு சொம்பு. அவசரமில்லாத தண்ணீர். அதற்கும் பிறகு கல்லில் துணி அடிக்கும் சத்தம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜஹானாரா வெளியே வந்தாள். தலை ஈரம் முதுகில் சொட்டியது. தோய்த்த துணி இருந்த வாளியைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஆபாவின் கை அங்கே போகப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள்.

"அழுதியா?"

"இல்ல ஆபா. அழலாம்னுதான் போனேன். வரல."

"பின்ன இவ்ளோ நேரம் இன்னா பண்ணே?"

"சும்மா இருந்தேன்."

"சும்மா இருந்தியா" என்றாள் ஆபா. பொறுக்கி முடித்த அரிசியை மறுபடி முறத்தில் கொட்டினாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஜஹானாரா தினமும் தானே குளித்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் நேரம் எடுத்துக்கொள்வாள். அழுகையும் ஒருநாள் வந்தது. அது தானாக நின்றது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லார் துணியையும் தோய்க்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டதால் ஆபாவுக்கு இடுப்பு வலி கொஞ்சம் தேவலையானது. ஆனால் முன்பு ஜஹானாராவைக் குளிப்பாட்டிய நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆபா வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடப்பாள்.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று விசேஷம் ஒன்றும் இல்லை. கடிதம் வரவில்லை, யாரும் வரவில்லை. சமையல் முடித்துவிட்டு ஆபா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவள் எப்போதும் விடியும் முன்னே எழுந்து, கிணற்றடியில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுபவள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் அவள் குளிப்பதை யாரும் பார்த்ததில்லை. அவள் குளிப்பதற்கு என்று ஒரு நேரம் இருந்ததும் இல்லை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த ஜஹானாராவைத் தாண்டிப் போகும்போது, "கொஞ்சம் நேரம் ஆவும்" என்றாள்.

"ஆவட்டும் ஆபா."

பச்சைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளுக்கு அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்திருக்கும். கொஞ்சம் தாமதமாகத்தான் அது விழுந்தது.

ஜஹானாரா காத்திருந்தாள். முருங்கை காற்றில் ஆடி ஓட்டின்மேல் இலையைக் கொட்டியது. உள்ளே தண்ணீர் விழவில்லை. அரை மணி நேரம் போனது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தாள். இருமல் இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்து, வந்த அன்றே அடுப்படிக்குப் போன ஒருத்தியின் சத்தம் அது. அவள் வாயில் துணியை வைத்து அடைத்திருந்தாள். அப்படியும் அது வெளியே வந்தது.

நடுக்கூடத்தில் காலடி ஓசை. மக்பூல் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

ஜஹானாரா பக்கத்தில் கிடந்த தகர வாளியை இழுத்து மடிக்கு அருகே வைத்துக்கொண்டாள். செங்கல் தூளை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரால் வாளியின் அடியைப் பரபரவென்று தேய்த்தாள். வீடே கேட்கும்படி சத்தம் எழுந்தது.

மக்பூல் பின்கட்டு வாசலில் வந்து நின்றான். "ஆபா எங்க?"

"குளிக்கிறாங்க."

"இந்த நேரத்துலயா? எப்ப போனாங்க?"

"போயி நேரம் ஆவுது."

"கூப்புடவா?"

"வேணாம். அவங்க வரட்டும். நீங்க போயி கை கழுவுங்க, நான் வந்து போடறேன்."

அவன் இன்னும் ஏதோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்த வாளியை அவள் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.